தலையை ஆட்டியது தும்மல்தான், நான் அல்ல

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வருங்காலச் சம்பந்தி எழுதிக்கொள்வது. "வருங்கால" என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அடிக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சௌக்கியம். என் மூக்கு மட்டும் சௌக்கியமில்லை. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் தங்கள் வீட்டு முன்புறத்துப் புல்வெளியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். புல்வெளியைச் சேர்த்துக்கொண்டது மரியாதைக்காக. அதைப் பற்றிக் கீழே வேறு விதமாக எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தப் புல்வெளியில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தாங்கள் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுக்கறதுல உங்களுக்கு முழு சம்மதம்தானே?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினேன். பிறகு, பேசாதீர்கள் என்பதுபோல் கையை உயர்த்தினேன். பிறகு எழுந்து ஓடினேன். இவ்வளவுக்கும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பார்த்த ஒரு குடும்பம் என்ன முடிவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த முடிவு தவறு என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

என் தொழில் தங்களுக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளன். எரிந்த கடை, மூழ்கிய கிடங்கு, நசுங்கிய லாரி எதுவாக இருந்தாலும் போய்ப் பார்த்து, இன்ன காரணத்தால் இது நடந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. நான் எழுதிய காரணத்தை இன்றுவரை யாரும் திருத்தியதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நடந்த சேதத்துக்கும் நானே காரணம் எழுதுகிறேன். காரணம், புல். இன்னும் சரியாகச் சொன்னால், புல் காற்றில் தூவுகிற மகரந்தம். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என் மூக்குக்குத் தெரியும்.

இது எனக்குப் பிறவியில் வந்ததல்ல. தலை நரைக்கத் தொடங்கியபோது கூடவே வந்தது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வரும், போகும். "என்ன, ஜலதோஷம்தானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜலதோஷம் என்றால் ஒரு வாரத்தில் போய்விடும், சம்பந்தி. இது குடக்கூலி கொடுக்காமல் குடியிருக்கும் ஆள் மாதிரி. காலையில் கண்ணைத் திறப்பதே ஒரு வேலை, இமை இரண்டும் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். திறந்து முடித்தால் தும்மல் தொடங்கும். பல் துலக்கும்போது தும்மினால் கண்ணாடி முழுக்க நுரை. சவரம் செய்யும்போது தும்மினால் என்ன ஆகும் என்பதற்கு என் தாடையில் அடையாளம் இருக்கிறது. முதலில் எல்லாம் என் மனைவி ஒவ்வொரு தும்மலுக்கும் "நல்லா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு காலைத் தும்மல் முழுக்கச் சேர்த்து ஒரு தடவை சொன்னாள். இப்போது பருவம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. ராத்திரி மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும், வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு அட்டை மாதிரி ஆகிவிடும், அந்தச் சத்தத்தில் அவளுக்கும் தூக்கம் கெடும். போன வருடம் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துச் சோபாவுக்குப் போய்விட்டாள். "நான் உங்களை விட்டுப் போகலங்க, உங்க மூக்கை விட்டுத்தான் போறேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நல்ல மனசு. அதோடு, வாசனை என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள், என்னிடம் அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நானும் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பால் வற்றி, கருகி, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், உங்க வீட்டுல என்னமோ எரியுது" என்று சொன்ன பிறகுதான் செய்தித்தாளை மடித்தேன். தீ விபத்துகளை மதிப்பிடுவதில் எங்கள் கிளையிலேயே மூத்தவன் நான்.

மாத்திரை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நானே கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் தும்மல் நிற்கும், கூடவே நானும் நின்றுவிடுவேன். அப்படியொரு தூக்கம். அலுவலகத்தில் மேலாளர் கூட்டம் போட்டார். எல்லோருக்கும் நடுவில் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார், இந்த வருஷம் நம்ம கிளையோட வருமானம் ஏன் இப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டாராம். பக்கத்திலிருந்தவர் இடித்ததும் கண் விழித்த நான், "மின்கசிவு, சார்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். "மின்கசிவு வந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். நானும், "வந்துட்டேன்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

ஆனால் என்னை உண்மையில் வருத்துவது தும்மலோ தூக்கமோ இல்லை, கண்ணீர்தான். ஒரு ஆண்பிள்ளை கண்ணிலிருந்து தண்ணீர் வந்தால் மனிதர்கள் அதற்கு ஒரு கதை கட்டாமல் இருப்பதில்லை. பேருந்தில் யாரோ எழுந்து இடம் கொடுக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு, "மனசை விட்டுறாதீங்க" என்கிறார். சென்ற மாதம் ஒரு மெத்தைக் கடை தீப்பிடித்த விஷயமாகப் போனேன். கடைக்குப் பின்னால் புதர் மண்டிய காலி மனை, வண்டியை விட்டு இறங்கியதுமே எனக்கு ஆரம்பித்துவிட்டது. கருகிய மெத்தைகளுக்கு நடுவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க, எப்படிப் பிடிச்சுது?" என்றேன். கடைக்காரர், தான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் யாரோ ஓடிவந்து எழுப்பியதாகவும் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் நிறுத்தினார். மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன், வாயைத் திறக்க முடியவில்லை, கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. "ஐயா, கடை போச்சேன்னு என் பொண்டாட்டிகூட இப்படி அழல. நீங்க யாரோ எவரோ, என் மெத்தைக்காக நிக்கிறீங்க, அழறீங்க. உங்ககிட்டப் போய் நான் பொய் சொன்னா வெளங்குவேனா? நான்தாங்க வச்சேன்" என்று சொல்லிவிட்டு, பாதி எரிந்த ஒரு மெத்தைமேல் உட்கார்ந்து அழத் தொடங்கினார். எங்கள் மேலாளர் இதை என் விசாரணைத் திறமை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. நோயால் எனக்குக் கிடைத்த ஒரே வரவு அதுதான், அதையும் ஏன் விட வேண்டும்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று நான் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. "சம்பந்தி வீட்டுல மொத தடவை உக்காரும்போதே குறட்டை விட்டீங்கன்னா நல்லாவா இருக்கும்?" என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானது. கூடத்தில் உட்காரவைப்பார்கள், மின்விசிறி சுற்றும், இரண்டு மணி நேரத்தைச் சமாளித்துவிடலாம் என்று நானும் தைரியமாகப் புறப்பட்டேன். தாங்கள் வாசலிலேயே நின்று, "உள்ள புழுக்கமா இருக்கும், வாங்க, நம்ம புல்லுலயே உக்காருவோம். உங்களுக்காக இன்னைக்கு மத்தியானம்தான் வெட்டிவிட்டேன்" என்றீர்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான், ஒன்றும் ஆகாது என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அந்தக் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது.

தாங்கள் நில அளவைத் துறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். அது அந்தப் புல்வெளியில் தெரிகிறது, நான் மறுக்கவில்லை. தட்டில் தண்ணீர் விட்டதுபோல் மட்டம். ஒரு களை இல்லை, ஒரு சொட்டை இல்லை. ஓய்வுபெற்ற மறுநாள் மண்வெட்டியைக் கையில் எடுத்ததையும், முதல் விதை முளைக்காமல் போனதையும், இரண்டாம் விதையைக் குருவிகள் தின்றதையும், சம்பந்தியம்மா ஒருநாள் அதன்மேல் பாயை விரித்ததற்காகத் தாங்கள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்ததையும் ஆசையோடு சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் குருவி வந்த இடத்திலேயே எனக்குத் தாரை தாரையாக ஆரம்பித்துவிட்டது. தாங்கள் பேச்சை நிறுத்தி, என் தோளில் கை வைத்து, "இவ்வளவு காலத்துல, இந்தப் புல்லைப் பாத்து மனசு உருகின ஒரே ஆள் நீங்கதான் சம்பந்தி" என்றீர்கள். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? தாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத் தாங்கள் குனிந்து, ஒரு பிடி புல்லைக் கிள்ளி, "மோந்து பாருங்க, வெட்டின புல்லு வாசனைக்கு ஈடு கிடையாது" என்று என் மூக்குக்குக் கீழே நீட்டினீர்கள். விருந்தாளி என்ன செய்ய முடியும்? மோந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். முதல் தும்மலில் பழரசத் தட்டு போனது. இரண்டாவதில் என் கண்ணாடி பறந்து மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. அவர் பதறாமல் அதைத் துடைத்து என்னிடம் நீட்டினார். மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்த என் மகளை வெளியே எடுத்தவர் அல்லவா, பதற்றம் அவருக்குப் பழக்கமில்லை. அப்படித்தான் இரண்டு பேரும் பழகினார்கள் என்று கேட்டபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இருக்கட்டும். மூன்றாவது தும்மலுக்குப் பிறகு மேசை விரிப்பின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அது மேசை விரிப்பு அல்ல, சம்பந்தியம்மா நாற்காலியில் போட்டிருந்த சால்வை என்று என் மனைவி சொல்கிறாள். அப்போது பார்த்துத்தான் தாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், முழு சம்மதம்தானே என்று.

தும்மல் வருவதற்கும் வராமல் போவதற்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது, சம்பந்தி. அங்கே நிற்பவனுக்குப் பேச்சு வராது, மூச்சு வராது, மகளின் கல்யாணமே ஆனாலும் வாயைத் திறக்க முடியாது. நான் தலையை ஆட்டியது அந்தத் தும்மலை உதறித் தள்ள. கையை உயர்த்தியது, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்பதற்கு. எழுந்து ஓடியது, பெண்ணைக் கேட்கிற மனிதரின் முகத்தில் தும்மக்கூடாது என்ற நாகரிகத்தால். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் தும்மிய தும்மலில் வண்டியே ஆடியது. வெளியிலிருந்து பார்த்த தங்களுக்கு, நான் உள்ளே தலையை முட்டிக்கொண்டு அழுவதுபோல் தெரிந்ததாம். சம்பந்தியம்மா, "பாவம், எதையோ மனசுல வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்காரு" என்றார்களாம். என் மனைவிதான் வந்து சொன்னாள். அவள் தங்களிடம் விளக்க முயன்றிருக்கிறாள். "அவருக்குப் புல்லு ஆகாதுங்க" என்றிருக்கிறாள். அதற்குத் தாங்கள், "இப்பத்தான் என் புல்லைப் பாத்து உருகினாரே" என்றீர்களாம். அதற்குமேல் அவளால் என்ன பேச முடியும்?

திரும்பி வரும் வழியில், பாதி தூரம் வந்தபிறகு காரின் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. என் மகள் அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள், கண்ணீரில் எத்தனை வகை உண்டு என்று எனக்குப் பாடம் எடுத்தவள். அது மகரந்தக் கண்ணீர் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்றாள்.

"தும்மல் வந்துருச்சும்மா."

"எப்பவும் தும்மல்தான். ஸ்கூல்ல நான் மேடை ஏறிப் பேசினப்ப நீங்க தும்மித் தும்மி எல்லாரும் உங்களையே திரும்பிப் பாத்தாங்க. நான் பட்டம் வாங்கினப்ப மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கிட்டீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது எனக்காக ஒழுங்கா இருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா ஒரு தடவைகூட டாக்டர்கிட்டப் போகல, பாத்தீங்களா? ஜலதோஷம் இல்ல, ஜலதோஷம் இல்லன்னு மத்தவங்ககிட்டச் சொல்றீங்க. நீங்களே அத ஜலதோஷமாத்தானே வச்சிருந்தீங்க?"

பட்டமளிப்பு விழாவில் கைதட்டல் கேட்டுத்தான் நான் கண் விழித்தேன். எழுந்து நின்று பலமாகக் கைதட்டினேன். அது வேறு யாருடைய மகளோ. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தங்களிடம் சொல்லத் தோன்றியது. அன்று இறங்கி வீட்டுக்குள் போனவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. "தண்ணி", "சாவி", "லைட்டு" என்று ஒற்றைச் சொல்லில்தான் எங்கள் உறவு போய்க்கொண்டிருக்கிறது. அங்கே மாப்பிள்ளையிடம் என்ன சொன்னாள், தாங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்கு வழியில்லை. அதனால்தான் கடிதம்.

மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் உதவியாளரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இத்தனை வருஷமா இதோடயா நடமாடிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தூக்கம் வராத மாத்திரை என்று ஒன்று இருக்கிறதாம், மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறதாம், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டுமாம், வெளியே போய் வந்தால் சட்டையை மாற்ற வேண்டுமாம். இவ்வளவு நாளும் இவை எல்லாம் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கின்றன. "எதுனால வருதுன்னு ரத்தத்துல பாத்துடுவோம்" என்றார்.

"புல்லுதான் டாக்டர்" என்றேன்.

"முடிவு வரட்டுமே."

"எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி விளையாட்டு மைதானம் இருக்கு. ஞாயித்துக்கிழமை புல்லு மேலயே உக்காந்தேன், இந்தக் கதி ஆச்சு. காரணம் கண்டுபிடிக்கிறதுதான் டாக்டர் என் தொழிலே. எழுதிக்கோங்க, புல்லு."

"நான் எழுதறது இருக்கட்டும், நீங்க கையை நீட்டுங்க" என்று சொல்லி ஊசியைக் குத்தினார்.

முடிவு இன்னும் வரவில்லை. என் மனைவி, "அது வந்தப்புறம் கடுதாசி எழுதினா என்ன?" என்கிறாள். வீடு எரிந்து தரைமட்டமான பிறகு அது எரிந்ததா என்று சான்றிதழுக்குக் காத்திருப்பார்களா? நான் காத்திருக்கவில்லை.

ஆகவே, சம்பந்தி, இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கேள்விக்கு என் பதில்: சம்மதம். முழு சம்மதம். என் மகளுக்கு உங்கள் வீட்டைவிட நல்ல இடம் கிடைக்காது. தண்ணீர், சாவி, லைட்டு என்று பேசுகிற நிலையிலும் மாப்பிள்ளையின் போன் வந்தால் அவள் முகம் மலர்வதைக் கதவிடுக்கில் பார்க்கிறேன், எனக்கு அது போதும். அடுத்தது, கல்யாண வரவேற்பை அந்தப் புல்வெளியில்தான் நடத்துவேன் என்று தாங்கள் அன்று ஆசையாகச் சொன்னீர்கள். அது நடக்காது. சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் உறுதியாகச் சொல்கிறேன், நடக்கவே நடக்காது. மாப்பிள்ளை மின்தூக்கி பழுதுபார்க்கப் போகும் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் ஒரு மண்டபம் இருப்பதாக என் மனைவி கேள்விப்பட்டிருக்கிறாள். ஜன்னலே திறக்க முடியாதாம், கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்களாம். அப்படிப்பட்ட மண்டபம் கட்டியவர் நன்றாக இருக்க வேண்டும். அங்கேதான் வரவேற்பு. இல்லை, புல்வெளியில்தான் என்று தாங்கள் பிடிவாதம் பிடித்தால், நான் முகமூடி போட்டு, நீச்சல் வீரர்கள் போடுகிற கண்ணாடியும் போட்டு வந்து வரிசையில் நிற்பேன். ஒவ்வொரு படத்திலும் இருப்பேன். நாளைக்கு நம் பேரக்குழந்தைகள் அந்தப் படங்களைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டால் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். புல்லை விட்டுக்கொடுக்கத் தங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்த மனிதர்களிலேயே தங்கள் பிடிவாதம் தனி ரகம். ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், சால்வை விஷயத்தில் என் ஆழ்ந்த வருத்தத்தையும் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கு என் மனமார்ந்த ஆசிகள், மின்தூக்கிகள் அவரிடம் என்றும் அடங்கி நடக்கட்டும். தாங்கள் அன்று சொன்ன முழங்கால் வலி குறைந்து, தாங்கள் நிம்மதியாகத் தூங்கி எழ வாழ்த்துகிறேன். தூக்கத்தின் அருமை தெரிந்தவன் வாழ்த்துகிறேன், பலிக்கும்.

இப்படிக்கு,
முழு சம்மதத்துடன்,
தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். இதைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் மருத்துவரிடம் எட்டிப் பார்த்தேன், ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அவர் அதை என் முன்னால் வைத்து, விரலால் காட்டி, "புல்லு, ஒண்ணுமே இல்ல சார்" என்றார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "புல்லு மேல படுத்து உருண்டாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஆகாதது சவுக்கு மரம். அந்தப் பூந்தூள்தான். வீட்டுப் பக்கத்துல சவுக்கு இருக்கா?" என்று கேட்டார். பக்கத்திலா? எங்கள் தெரு முழுக்கச் சவுக்குதான், அதில் ஒன்று எங்கள் பால்கனிக்குள்ளேயே கிளையை நீட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் துணி காயப்போடுவது அதற்குக் கீழேதான். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டுக்கொண்டு வந்த கோட்டு அன்று காலை முழுக்க அங்கேதான் தொங்கியது. அதாவது, சம்பந்தி, நோயைத் தங்கள் வீட்டுக்கு நானேதான் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். நான் எழுதிய காரணம் முதல் தடவையாகத் தவறிப்போனது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் மகள் வாசலில் நிற்கிறாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். முழுச் சொல். "அப்பா, ஞாயித்துக்கிழமையே அவர்கிட்ட உங்க அலர்ஜியப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவர் மாமாகிட்டச் சொன்னாராம். மறுநாள் காலைல மாமா மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போய், அந்தப் புல்லு மொத்தத்தையும் கொத்திப் போட்டுட்டாராம். என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்கன்னு இப்பத்தான் போன்ல கேட்டேன். 'புல்லு மறுபடி முளைக்கும்மா, மூச்சு முட்டுற மனுஷனை அங்க எப்படி உக்கார வைப்பேன்'னு சொல்றாரு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பரிசோதனை முடிவைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆகவே, சம்பந்தி, மேலே எழுதியது எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், சம்மதம் என்பதைத் தவிர. பிடிவாதம் என்று எழுதிய வரியைத் தாங்களே அடித்துவிடவும். அதைத் திரும்பப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறாவது மாடி மண்டபம் வேண்டாம். வரவேற்பு புல்வெளியில்தான். அதற்குள் முளைக்காவிட்டால் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், மகள் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை கையோடு கொண்டுவருகிறேன், புதிய மாத்திரை போட்டு, கடையில் வாங்கிப் பிரிக்காத சட்டை போட்டு, என் சொந்த மண்வெட்டியோடு. புல் நட எனக்குத் தெரியாது, தாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேலைக்கு நடுவில் நான் தும்மினாலும் அழுதாலும் தாங்கள் பதற வேண்டாம். புல்லின்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று மருத்துவர் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்.